ஸ்பிரிங்வெளி மண்ணில் ஓர் ஓப்பனர்: ஊவாத் தோட்டங்களில் கிடைக்கும் போத்தல் திறப்பான்களின் காலத்தைக் கணிப்பது எப்படி?

ஸ்பிரிங்வெளி போன்ற பழைய தோட்டத்தில் மண்ணைக் கிளறினால் இரும்பு அகப்படாமல் இருக்காது. கான் வெட்டும்போதும், முள்ளுக் குத்தும்போதும், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகைக்குக் குழி எடுக்கும்போதும் ஆணி, லாடம், கவ்வாத்துக் கத்தியின் முறிந்த அலகு என்று ஏதாவது ஒன்று மேலே வரும். ஒரு முனையில் வளையமும் அதற்குள்ளே சிறு நாக்கும் உள்ள துண்டு ஒன்று வந்தால், அது போத்தல் ஓப்பனர் என்று பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அது எந்தக் காலத்தது என்று கேட்டால் "துரைமார் காலத்துச் சாமான்" என்ற விடை வரும். நமுனுக்குல மலைச் சரிவில் கோப்பிக்காலத்தில் திறக்கப்பட்டுப் பின்னர் தேயிலைக்கு மாறிய ஒரு தோட்டத்தில் துரைமார் காலம் என்பது நூறு வருடத்துக்கும் மேற்பட்டது. அந்த விடையால் எதையும் வரையறுக்க முடியாது.

ஓப்பனரைப் பற்றிய நூல்களும் சேகரிப்பாளர் பட்டியல்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஓப்பனர் சேகரிப்போருக்கென்றே 1979இல் அங்கே தொடங்கிய 'ஜஸ்ட் ஃபார் ஓப்பனர்ஸ்' என்ற சங்கத்தார் வடிவங்களுக்கு இலக்கமிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வகைப்பாட்டை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவந்தால் தவறான காலமே கிடைக்கும். ஒரு வடிவம் சிக்காகோவில் எப்போது பிறந்தது என்பது வேறு. அது பதுளைக்கு எப்போது வந்தது, எத்தனை வருடம் கையில் புழங்கியது, எப்போது மண்ணுக்குள் போனது என்பது வேறு. ஓப்பனர் எளிதில் உடையாத பொருள். ஐம்பது வருடம் புழங்கிய பின்பும் தொலைந்தால்தான் மண்ணுக்குள் போகும். ஆகவே பொருளின் உருவம் ஓர் எல்லையை மட்டுமே காட்டும். கிடந்த இடமும் கூடக் கிடந்தவையுமே காலத்தை நெருங்கிச் சொல்லும். இந்த ஆய்வில் நான் வந்தடையும் முடிவு இதுதான். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தேடும் முறையைப் பற்றி. இங்கிலாந்தில் உலோகம் தேடும் கருவியோடு வயல்வெளியில் நடப்பது பலருக்கு ஓய்வுநேரப் பொழுது. கிடைத்ததைப் பதிவுசெய்ய 1997 முதல் அரசு ஆதரவுடன் ஒரு திட்டமும் இயங்குகிறது. இலங்கையில் அந்தக் கருவிக்கு வேறு முகம். வடக்கில் அது மிதிவெடி அகற்றுவோரின் கைக்கருவி. தெற்கிலும் மலைநாட்டிலும் 'ஸ்கேனர்' என்றாலே புதையல் தோண்டிப் பிடிபட்டவர்களின் செய்திதான் நினைவுக்கு வரும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணி என்றாலும் விலக்கு இல்லை. 1817-18 கிளர்ச்சியின் களமான ஊவாவில் இந்தச் சட்டத்தை மதிப்பது கட்டாயம் மட்டுமல்ல, கடமையும்கூட. இந்த மண்ணின் அடியில் தோட்டத்துக்கு முந்திய மக்களின் ஊர்கள் இருக்கின்றன.

அதே சட்டம் தொல்பொருள் என்று கருதுவது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருளை. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. தோட்டத் தமிழரின் வாழ்வு முழுவதும் அந்தத் திகதிக்குப் பின்னால் நடந்தது. ஆகவே தொழிலாளர் குடியிருப்பான லயத்து மண்ணில் கிடைக்கும் ஓப்பனரோ, பித்தளைச் செம்போ, கங்காணியின் பிரம்புப் பூணோ இந்த வரையறைக்குள் வராது. ஒரு சமூகத்தின் பொருள் வரலாறு சட்டத்தின் திகதிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இந்தச் சிறு இரும்பை இவ்வளவு கவனத்தோடு பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு அது முதற் காரணம். இதற்காக எவரும் கருவி தூக்கிக்கொண்டு தோண்டப் புறப்பட வேண்டியதில்லை. வேலைக்காகக் கிளறும் மண்ணிலேயே போதுமானவை வெளிவருகின்றன. தவிர, இரும்புக் கனிமம் நிறைந்த நம்முடைய செம்மண்ணில் அந்தக் கருவிகள் இடையறாது ஒலி எழுப்பித் தடுமாறும். குப்பை இரும்பைத் தவிர்க்கும்படி அமைத்தால் ஓப்பனரும் அதோடு தவிர்க்கப்பட்டுவிடும்.

இனி உருவத்துக்கு வருவோம். ஓப்பனரின் வயதைச் சொல்வது ஓப்பனர் அல்ல, அது திறந்த மூடிதான். போத்தலின் வாயை அடைத்த முறைகளுள் மூன்றை இங்கே கவனிக்கவேண்டும்.

மிகப் பழையது தக்கை. தக்கையைத் திருகி எடுக்கும் கருவிக்கு இங்கிலாந்தில் முதல் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் ஹென்ஷால் என்ற பாதிரியார், 1795இல். கோப்பிக்காலத் துரைமார் குடித்த இறக்குமதிப் பியரும் வைனும் தக்கைப் போத்தல்களில் வந்தவை. அக்காலத் திருகியின் கைப்பிடி மரம் அல்லது எலும்பு. மரத்தைக் கறையான் தின்றுவிட, நமக்குக் கிடைப்பது ஒரு சுருள் கம்பியும் அதன் தலையில் ஒரு முளையும்தான். அதைப் பலர் இயந்திர உதிரிப்பாகம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கோலி. ஹிராம் கோட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிய போத்தல் அது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் கோலியை வாயுவின் அழுத்தம் மேலே தள்ளிக் கழுத்தை அடைக்கும். அதைத் திறக்க, நடுவில் முளை வைத்த மரக் குப்பி ஒன்றைக் கழுத்தில் பொருத்தி அழுத்தினால் போதும், கையாலும் அழுத்தலாம். ஆகவே கோலிச் சோடா புழங்கிய இடத்தில் இரும்பு ஓப்பனர் கிடைக்காது. உடைந்த போத்தல்களிலிருந்து பிள்ளைகள் எடுத்து விளையாடிய கோலிகள் கிடைக்கும்.

மூன்றாவது நாம் இன்றும் பார்க்கும் சோடா மூடி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் 1892 பெப்ரவரியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். தகரத்தில் விளிம்பு மடித்த மூடி, உள்ளே மெல்லிய தக்கை வட்டம். மூடியைக் கையால் எடுக்க முடியாததால் அதற்கென்று ஓர் ஓப்பனரையும் உருவாக்கி 1894இல் காப்புரிமை எடுத்தார். இதுவே நமக்குக் கிடைக்கும் மிக உறுதியான எல்லைக்கல். நாக்கு வைத்த வளையம் உள்ள எந்த ஓப்பனரும் 1890களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. கோப்பி அதற்கு முன்பே போய்விட்டது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் 1869இல் கண்டறியப்பட்டது இதே ஊவாவில், மடுல்சீமையில். 1880களின் முடிவுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆகவே கோப்பிக்காலப் பாழ்ச்சுவரின் அருகே சோடா மூடி ஓப்பனர் கிடைத்தால், அது பிந்தி வந்து விழுந்தது. அதைக் கோப்பிக்காலத்தது என்று சொல்லவே கூடாது.

1892 ஒரு கீழ் எல்லை மட்டுமே. அன்றைக்கே மூடி இங்கே வந்துவிடவில்லை. போத்தலின் வாய் ஒரே அளவில் இருந்தால்தான் இந்த மூடி பிடிக்கும். மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கிய பிறகுதான் அந்த ஒரே அளவு எளிதாயிற்று. சோடா கம்பனிகளோ பழைய போத்தல்களையும் பழைய இயந்திரங்களையும் ஒரே நாளில் கைவிடவில்லை. பிரித்தானியப் பியர்க் கம்பனிகளில் பல, 1879இல் ஹென்றி பாரெட் காப்புரிமை பெற்ற, உட்புறமாகத் திருகி அடைக்கும் கறுப்பு அடைப்பானையே இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வைத்திருந்தன. அதற்கும் ஓப்பனர் வேண்டாம். பங்களாக் குப்பைக் குழியில் அந்தக் கறுப்பு அடைப்பான்கள் கிடந்தால், அங்கே வாழ்ந்த துரை ஓப்பனர் இல்லாமலே பியர் குடித்திருக்கலாம்.

ஊவாவுக்குப் போத்தல் வந்த வழி இன்னொரு அளவுகோல். கண்ணாடி பாரமானது, எளிதில் உடையக்கூடியது. மாட்டுவண்டியில் மலையேறி வந்த ஒவ்வொரு போத்தலுக்கும் கூலி ஏறும். மலைநாட்டு ரயில் 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து தெமோதர வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கட்டி முடித்துப் பதுளையைத் தொட 1924 ஆயிற்று. அந்த முப்பது வருடமும் பண்டாரவளையிலிருந்து பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாமான் வண்டியில்தான் போனது. சாதாரண மக்கள் வாங்கும் விலையில் மூடிப் போத்தல் சோடா ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களுக்கு எப்போது வந்திருக்கும் என்று கேட்டால், 1924க்குப் பிறகு என்பதே என் கணிப்பு. பங்களாவுக்கு அதற்கு முன்பே வந்திருக்கலாம். பங்களாவுக்கு வந்ததை வைத்து லயத்தின் காலத்தைச் சொல்லக்கூடாது.

போத்தலை நிரப்பியவர்களும் அதிகம் பேரில்லை. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இல் பியர் காய்ச்சத் தொடங்கினார். அங்கே 1881இல் நிறுவப்பட்ட பியர்த் தொழிற்சாலையின் வழிவந்ததுதான் இன்றைய லயன் பியர். கொழும்பில் 1866இல் ஐஸ் தயாரிப்பில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆயிற்று. யானைச் சின்னத்தோடு வரும் அதன் இஞ்சி பியர் 1896 முதல் விற்பனையில் இருக்கிறது. இவர்களின் சின்னம் பொறித்த ஓப்பனர் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது என்று தோன்றும். முடியாது. ஒரே சின்னம் பல பத்தாண்டுகள் தொடரும். கம்பனிப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும்.

எழுத்துத்தான் மண்ணிலிருந்து வரும் ஓப்பனர் கொடுக்கும் மிகத் துல்லியமான சாட்சி. நாட்டின் பெயர் 1972 மே 22 அன்று மாறியது. 'சிலோன்' என்று நாட்டின் பெயராக அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆனால் கம்பனிப் பெயரில் உள்ள 'சிலோன்' அதற்குப் பின்பும் மாறாமல் இருந்திருக்கிறது. அதை வைத்து 1972க்கு முந்தியது என்று சொன்னால் பிழை. கம்பனிப் பெயரின் முடிவில் 'பி.எல்.சி.' இருந்தால் அது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்துக்குப் பிந்தியது. 'சி.ஜி.ஆர்.' என்ற மூன்றெழுத்து, சிலோன் அரச ரயில்வேயின் முத்திரை. சிங்கள எழுத்து முதன்மையாக இருந்தால் 1956இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை.

வெளிநாட்டுச் சாமானில் இன்னும் நல்ல துப்புகள் உண்டு. 1887இன் வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு பிரித்தானியச் சந்தைக்குப் போன அந்நியப் பொருட்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. 'ஆர்.டி.' என்ற எழுத்துக்களோடு ஓர் இலக்கம் இருந்தால் அது 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கிய பிரித்தானிய வடிவமைப்புப் பதிவு இலக்கம். 1900இன் தொடக்கத்தில் அது மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1930இல் ஏழரை இலட்சத்தை எட்டிவிட்டது. பிரித்தானியக் காப்புரிமை இலக்கங்கள் 1916 முதல் ஒரு இலட்சத்து ஒன்றிலிருந்து தொடர்ச்சியாகச் சென்றன. ஆறு இலக்கத்தில் காப்புரிமை எண் இருந்தால் அந்த வருடத்துக்குப் பிந்தியது என்று நம்பலாம். 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற நான்கெழுத்து 1891 முதல் இரண்டாம் உலகப் போரின் முடிவு வரை ஜெர்மனியில் சிறு கண்டுபிடிப்புகளுக்குக் கொடுத்த பதிவு. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. இவை எல்லாம் வடிவமும் செய்பொருளும் பிறந்த காலத்தைச் சொல்பவை. பதிவு இலக்கம் ஒரு வடிவத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அதே அச்சில் முப்பது வருடம் ஓப்பனர் அடித்துத் தள்ளியிருக்கலாம்.

அகன்ற அம்புக்குறி ஒன்று பொறித்திருந்தால் அது பிரித்தானிய அரச உடைமை, பெரும்பாலும் படையினரின் பொருள். ஊவாவில் அதற்கு ஒரு தெளிவான மூலம் உண்டு. தியத்தலாவையில் 1900 முதல் 1902 வரை சுமார் ஐயாயிரம் போயர் போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அதன் பின்னும் அந்த முகாம் படைத்தளமாகவே இருந்துவருகிறது. படைச் சாமான் ஏலத்திலும் கைமாற்றிலும் தோட்டங்களுக்கு வந்து சேர்வது இயல்பு.

உலோகமும் செய்முறையும் எழுத்தளவு துல்லியமானவை அல்ல. ஆனால் எழுத்து அரித்துப்போன பொருளுக்கு அவைதான் துணை. வார்ப்பிரும்பில் அச்சின் இணைப்புக் கோடு விளிம்பில் தெரியும், விழுந்தால் முறியும். தகட்டிலிருந்து அடித்து வெட்டியதில் ஒரு பக்க விளிம்பு மழுங்கியும் மறுபக்கம் கூராகவும் இருக்கும். நிக்கல் பூச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கத்தில் இருந்தது. மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை அது. நீலச் சாயல் ஓடும் குரோமியப் பூச்சு 1920களின் பிற்பகுதியில்தான் வணிக அளவில் பரவியது. துருப்பிடிக்காத உருக்கு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது. மலிவான ஓப்பனருக்கு அது இறங்கிவர இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. ஒரு முனையில் மூடி திறக்கும் நாக்கும் மறுமுனையில் தகரத்தைக் குத்தும் முக்கோணக் கூர்மையும் இருந்தால் அது 1935க்குப் பிந்திய வழிவந்தது. அமெரிக்காவில் தகரக் குவளையில் பியர் விற்கத் தொடங்கிய வருடம் அது. சுவரில் திருகி வைக்கும் வார்ப்பு ஓப்பனரின் பிரபலமான வடிவத்துக்கு அமெரிக்காவில் 1925இல் காப்புரிமை கிடைத்தது. கைப்பிடியில் ஒரு சிறு சதுரத் துளை இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். பழைய மோட்டார் வண்டிகளின் முன்விளக்குக்கு அசெட்டிலின் வாயு கொடுத்த உருளையின் வால்வைத் திருப்புவதற்காக வைத்த துளை அது. 1910களிலிருந்து சுமார் இருபது வருடம் அமெரிக்க ஓப்பனர்களில் அது வழக்கமாக இருந்தது. மின்விளக்கு வந்தபின் தேவை போய்விட்டாலும் துளை மட்டும் சிறிது காலம் தொடர்ந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை அழுத்தமாக மறுக்க வேண்டும். துருவின் தடிப்பைப் பார்த்து வயது சொல்லக்கூடாது. தேயிலைக்கு ஏற்ற மண்ணே அமில மண். அதன் அமிலச் சுட்டெண் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருந்தால்தான் செடி செழிக்கும். அதன்மேல் வருடா வருடம் அமோனியம் சல்பேற் போட்டால் அமிலம் இன்னும் ஏறும். டொலமைற் போட்டால் குறையும். வடகீழ்ப் பருவ மழையில் ஊறி, ஆடி ஆவணியில் கச்சான் காற்றில் காயும் ஊவாச் சரிவில் இருபது வருட இரும்பும் எழுபது வருட இரும்பும் ஒரே தோற்றத்தில் வரலாம். கானுக்குள் கிடந்தது சீக்கிரம் கரையும். பங்களாவின் சாம்பல் குழியில் கிடந்தது நன்றாக இருக்கும், ஏனெனில் சாம்பல் காரம். துருவைச் சுரண்டி 'பளிச்'சென்று ஆக்கவும் கூடாது. தேசிக்காயும் வினாகிரியும் துருவோடு எழுத்தையும் தின்றுவிடும். மென்மையான தூரிகை, மழைநீர், நிழலில் உலர்த்தல் போதும். பிறகு காலை வெயிலில் சரித்துப் பிடித்துப் பார்த்தால் அழிந்த எழுத்தின் நிழல் விழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் எழுத்து எழும்.

இதுவரை சொன்னது பொருளை வைத்து. அது யாருடைய ஓப்பனர் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலக்கணிப்பும் அங்கேதான் கூர்மை பெறுகிறது. ஒரு தோட்டத்தில் ஓப்பனர் இருந்திருக்கக்கூடிய இடங்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். பங்களாவில் அது வேலையாளான அப்புவின் பொறுப்பில் இருந்த வெள்ளி முலாம் சாமானோடு இருந்திருக்கும். துரைமார் கூடும் கிளப்பில் சுவரில் திருகியிருக்கும். தோட்டத்துக் கடையில் மேசைக்காலிலோ தூணிலோ கயிற்றில் கட்டித் தொங்கியிருக்கும். தவறணையிலும் அப்படியே. லயத்து வீட்டில் அது அவசியமான சாமான் அல்ல. மூடியை நிலைப்படியின் விளிம்பில் வைத்துத் தட்டுவார்கள். கத்தியின் முதுகால் நெம்புவார்கள். துணிந்தவர்கள் பல்லால் கடிப்பார்கள். பிள்ளையின் சடங்குக்கும் கலியாணத்துக்கும் தீபாவளிக்கும் பெட்டியாகச் சோடா வரும்போதுதான் கடையிலிருந்து ஓர் ஓப்பனரும் கூட வரும். அது திரும்பிப் போகாமல் தங்கிவிடுவதும் உண்டு.

இந்த வேறுபாடு பொருளிலேயே பதிந்திருக்கும். நுனித் துளை ஒரு பக்கமாக நீண்டு தேய்ந்திருந்தால் அது கயிற்றில் அல்லது கம்பியில் வருடக்கணக்காகத் தொங்கியது. கடைச் சாமான் என்று ஊகிக்கலாம். நாக்கின் நடுப்பகுதி குழிந்து தேய்ந்திருந்தால் நாளுக்குப் பல மூடி திறந்தது. தேய்வே இல்லாமல் முலாம் மட்டும் உரிந்திருந்தால் வீட்டுச் சாமான். இன்னொரு வகை இருக்கிறது, பட்டியல்களில் ஒருபோதும் இடம்பெறாதது: தோட்டத்துப் பட்டறையில் பழைய அரத்தையோ பட்டை இரும்பையோ வெட்டிச் செய்தது. துளை துரப்பணத்தால் போட்டிருக்கும், ஓரத்தில் அரம் ஓடிய கோடுகள் இருக்கும், இரண்டு பக்கமும் ஒத்துவராது. அதில் எழுத்தும் இல்லை, இலக்கமும் இல்லை. சேகரிப்பாளருக்கு அதனால் விலை இல்லை. ஆனால் ஸ்பிரிங்வெளியில் செய்து ஸ்பிரிங்வெளியில் புழங்கியது என்று சொல்லத்தக்க ஒரே ஓப்பனர் அதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்த ஒருவரின் கைவேலை அது. இங்கிலாந்து முத்திரை உள்ள நூறு ஓப்பனரைவிட அப்படி ஒன்று கிடைப்பதை நான் பெரிதாக மதிப்பேன்.

பொருள் மண்ணுக்குள் போன காலத்தைத் தோட்டத்தின் இடப்பெயர்வுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். மனிதர் அவசரமாக இடம்விட்டுப் போகும்போது சில்லறைச் சாமான் பின்னால் தங்கும். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளியது. தொடர்ந்த இருபது வருடங்களில் எத்தனையோ லயத்து அறைகள் காலியாயின. ஒரு குடும்பம் கட்டிய மூட்டைக்குள் அடங்காதவை எல்லாம் பின்புறக் கானிலும் வாழைப் பாத்தியிலும் கிடந்தன. பங்களாக்களிலோ 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய துரைமாரின் தட்டுமுட்டுச் சாமான்கள் கலைந்து பல கைகளுக்குப் போயின. அப்போது பங்களா ஓப்பனர் லயத்துக்கும் வந்திருக்கும். பதுளை நகரத்து நிலங்களில் இன்னொரு அடையாளத்தையும் எதிர்பார்க்கவேண்டும். 1983 யூலை இறுதியில் அங்கே தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. கரியும் உருகிய கண்ணாடியும் கலந்த படையில் ஓர் ஓப்பனர் கிடைத்தால், அது செய்யப்பட்ட வருடம் எதுவாக இருந்தாலும் மண்ணுக்குள் போன நாளை நெருங்கிச் சொல்லிவிடலாம்.

கூடக் கிடப்பவற்றில் நம்பகமானவை சில உண்டு. மூடியே கிடைத்தால் மிக நல்லது. தொடக்கத்தில் மூடிக்கு 24 பற்கள், பிற்காலத்தில் 21. உள்வட்டம் தக்கையா பிளாஸ்டிக்கா என்று பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் 1960களில் பரவியது. நாணயம் இருந்தால் இன்னும் உறுதி. அலுமினிய ஒரு சதமும் இரண்டு சதமும் 1963இல் வந்தவை. அரசரின் தலை உள்ள நாணயம் அதற்கு முந்திய உலகம். இவற்றோடு கிடந்த ஓப்பனர், நாணயத்தின் வருடத்துக்குப் பிறகே அங்கே புதைந்திருக்க வேண்டும்.

ஆனால் "கூடக் கிடந்தது" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். ஊவாவின் மண் நகரும் மண். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மூடிய சரிவு அதன் கொடிய வடிவம். மழைக்கு மழை சிறிதளவாக மண் இறங்குவது எல்லா மலையிலும் நடக்கிறது. சரிவில் மேலே இருந்த பங்களாவின் குப்பை கீழே லயத்தடியில் கிடக்கலாம். மேட்டில் கிடந்ததைவிடப் பள்ளத்தில் கிடந்தது பற்றி அதிக சந்தேகம் வேண்டும்.

மறுநடுகை இன்னொரு பெரிய கலக்கல். 1950களின் பிற்பகுதியிலிருந்து மானியத்தோடு பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி, விதைக்குப் பதிலாகத் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பீ. தேயிலை நட்டார்கள். வேரோடு பிடுங்கி, மண்ணை ஆழமாகக் கிளறி, ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் வளர்த்து, பிறகே நட்டார்கள். அப்படிக் கலக்கிய தேயிலை மலையில் மேல் கீழ் என்ற ஒழுங்கே இல்லை. விதைத் தேயிலை இன்னும் நிற்கும் மலையில் கிடைத்த பொருளின் ஆழத்துக்கு மதிப்பு உண்டு, வீ.பீ. மலையில் கிடைத்ததன் ஆழத்துக்கு மதிப்பு இல்லை. ஆனால் வீ.பீ. மலை வேறொரு உதவி செய்கிறது. தோட்டத்து வரைபடத்தில் ஒவ்வொரு மலைக்கும் இலக்கமும் நட்ட வருடமும் எழுதியிருக்கும். மண் முழுவதும் கடைசியாகப் புரண்டது அந்த வருடத்துக்குச் சற்று முன்பு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அச்சில் வெட்டிய, நிக்கல் எச்சம் உள்ள, எழுத்தற்ற இரண்டு ஓப்பனர்கள் என்று வைத்துக்கொள்வோம். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பங்களாவின் பின்புறச் சாம்பல் குழியில், கறுப்புத் திருகு அடைப்பான்களுக்கும் நீலப்பூக் கோப்பைத் துண்டுகளுக்கும் நடுவே கிடந்தது. மற்றது லயத்துக் கானில், பிளாஸ்டிக் உள்வட்டமுள்ள மூடிகளோடும் அலுமினிய ஒரு சதத்தோடும் டோர்ச் பெற்றரியின் கரிக்கோல்களோடும் கிடந்தது. பட்டியலைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வருடம்தான் எழுதுவோம். மண்ணைப் பார்த்தால் முதலாவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிப் பங்களாவுக்கு உரியது. இரண்டாவது 1963க்குப் பிறகு, ஒருவேளை ஒரு குடும்பம் மூட்டை கட்டிய நாட்களில், லயத்தில் தொலைந்தது. குழியையும் கானையும் குறித்துக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் இந்த வேறுபாடு என்றைக்கும் திரும்பி வராது.

ஆகவே கிடைத்தவுடன் எழுதவேண்டியவை: எந்தப் பிரிவு, மலையின் இலக்கம், விதைத் தேயிலையா வீ.பீ.யா, லயத்திலிருந்தும் பங்களாவிலிருந்தும் எத்தனை அடி, எந்த ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது, எந்த வேலையின்போது வெளியே வந்தது. கைபேசியில் இரண்டு படம், பக்கத்தில் ஓர் அடிமட்டம். முத்திரை தெளிந்தால் அதன் தேய்ப்புப் படி. தோட்டத்தில் முன்பு கடை வைத்திருந்தது யார், சோடா எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த நிறப் பெட்டியில் வந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுவதும் இதே வேலையின் பகுதி. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்துச் சிறு சோடாக் கம்பனிகளைப் பற்றி அவர்களின் நினைவில் இருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

பொருளை வைத்திருக்க இடமும் உண்டு. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அம்மியும் கூடையும் பெரட்டுக்களத்துச் சாமானும் அங்கே மதிப்போடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஊவாவுக்கென்று அப்படி ஒன்று அமைந்தால் நல்லது. அதுவரை பாடசாலையின் கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டு போதும், ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சீட்டு கூட இருந்தால். ஸ்பிரிங்வெளியிலும் அயல் தோட்டங்களிலும் இப்படிச் சீட்டு எழுதிய ஓப்பனர்கள் பத்துப் பதினைந்து சேர்ந்தாலே போதும். மூடிப் போத்தல் பங்களாவிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து லயத்துக்கும் எத்தனை வருட இடைவெளியில் இறங்கி வந்தது என்பதை அவற்றை வைத்தே கணக்கிடத் தொடங்கலாம். பதுளைக்கு ரயில் வந்த பிறகுதான் என்ற என் கணிப்பு சரியா பிழையா என்பதும் அப்போது தெரியும்.